மின்மடலும் அணியும்

நேரில் கண்டு பேச இயலாதார் எழுத்தால் பேசுவது மடல். அதனை அணிசெய்து அனுப்ப விழைவது மக்கள் இயல்பு. திருமண அழைப்பின் மூலைகளில் மஞ்சள் தடவுதல் தமிழர் வழக்கம். உறையைப் பிரிக்குமுன்னரே, உள்ளிருப்பது மங்கலச் செய்தி என்று அம்மஞ்சள் உணர்த்திவிடும். அணியாயினும் அது பொருள் உடையது.

1971ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன், அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் விடுத்தார். அந்நாளைய மின்மடலில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. 1992ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட 'மைம்' என்னும் நெறிமுறை, படங்களையும் உடன் அனுப்ப வழிசெய்தது. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் மென்பொருளில், படம் தீட்டிய அலங்காரத் தாள்கள் ஆயத்தமாகவே அமைந்திருந்தன. அம்மென்பொருள் இன்று வழக்கொழிந்தது. அலங்காரத் தாள்மேல் மக்கள் கொண்ட விருப்பம் ஒழியவில்லை.

இவ்விருப்பத்தால் விளையும் இடர்கள் சில உள. ஒரே தாளை எல்லா மடல்களுக்கும் நிலையாக அமைத்துவிட்டால், பிறந்தநாள் வாழ்த்தில் மலர்ந்த ரோசாப் பூக்களே, இறப்புற்ற வீட்டார்க்கு எழுதும் ஆறுதல் மடலிலும் மலர்ந்து நிற்கும். துயருற்ற நெஞ்சம் அதனைக் கண்டு நோகாதோ? மங்கலத்துக்கும் துயரத்துக்கும் வேற்றுமை அறியாத அணி, அணியாகாது.

எழுதுவார் திரையில் தோன்றும் அழகு, பெறுவார் திரையிலும் தோன்றும் என்பதற்கு உறுதி இல்லை. கரிய படத்தின்மேல் வெள்ளெழுத்தால் எழுதிய மடலில் படம் தோன்றாது போயின், வெண்மைமேல் வெண்மையாய்ச் செய்தியும் மறைந்துவிடும். படத்தின் சுமையும் சிறிதன்று. மின்மடலில் செல்லும் படத்தின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 குறிகளாக மாற்றப்படுவது பெருவழக்கு. ஆகவே 90 கிலோபைட்டுப் படம் 120 கிலோபைட்டாகப் பெருகும். ஆயிரம் குறிகள் கொண்ட தமிழ்ச் செய்தியோ, அவ்வாறே மாற்றினும், ஏறத்தாழ 4 கிலோபைட்டுதான். கூலத்தைவிடச் சாக்கு எடை மிகுதல் நன்றோ?

கண்பார்வை இழந்தோர்க்குத் திரைவாசிப்பு மென்பொருள் எழுத்தைப் படித்துக் காட்டுகிறது. செய்தியையே படத்துள் பொறித்து, விளக்கச் சொல்லும் சேர்க்காமல் அனுப்பினால், அஃது அவர் செவிக்கு எட்டாமலே போகக்கூடும்.

இதனால் அணியே வேண்டா என்பது கருத்தன்று. நண்பர்க்கு விடுக்கும் பொங்கல் வாழ்த்தில் கரும்பும் பானையும் திகழ்தல் அழகே. ஆனால் வாழ்த்துரையை எழுத்தாகவே அமைத்தல் வேண்டும். அவ்வெழுத்து வெண்திரையிலும் விளங்கும் நிறத்தினதாதல் வேண்டும். அணி நீங்கினும் செய்தி நிற்றல் வேண்டும் என்பதே இதற்கு அளவுகோல்.

ஆயத்தத் தாளை எவரும் ஒரு நொடியில் எடுத்துக்கொள்ளலாம். பெறுவாரின் நிலையை எண்ணித் தக்க சொல்லைத் தேர்வதற்கோ அன்பும் உழைப்பும் வேண்டும். மாணவர் அவ்வுழைப்பைப் பழகிக்கொள்வாராயின், அவர்தம் மடல் எந்தத் திரையிலும் பொலிவு குன்றாது.