உருகும் கிரேயான்: சூடு பெரியவர் கையில் இருக்கட்டும்

குளிர்கால விடுமுறையில் வீட்டுக்குள் அடைந்திருக்கும் பிள்ளைகளுக்கு, கான்வாஸ் பலகையின் மேல்விளிம்பில் கிரேயான்களை வரிசையாக ஒட்டி, ஹேர் டிரையரால் உருக்கிச் சுவர்ப்படம் செய்வது நல்ல பொழுதுபோக்கு. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதே நமது கருத்து.

கிரேயானின் பெரும்பகுதி பாரஃபின் மெழுகு. ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் சூட்டில் உருகத் தொடங்கும். வெந்நீர் தோலில் பட்டால் வழிந்தோடிவிடும். மெழுகோ ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அடுப்பில் நேரடியாக வைத்து உருக்கினால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே டிரையரைப் பெரியவர் பிடிக்கட்டும். நிறங்களைத் தேர்ந்து ஒட்டுவது பிள்ளைகளின் வேலையாகட்டும். சன்னலையும் சற்றுத் திறந்து வையுங்கள்.

மெழுகு கையில் பட்டுவிட்டால்? உடனே பற்பசையையும் வெண்ணெயையும் தேடி ஓடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. அவை சூட்டைத் தணிப்பதில்லை. புண்ணில் கிருமி சேரவும் இடமளிக்கும். குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடியுங்கள். பனிக்கட்டி வைக்க வேண்டாம். தோலோடு ஒட்டிய மெழுகைப் பிய்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படம் சுவரில் நிலைக்கட்டும். பிள்ளையின் கையில் தழும்பு நிலைக்க வேண்டாம்.