கோயில் மரத்தடிக்கு எங்கள் ஆடு வராது

விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம் நடத்தத் தயாராகிக்கொண்டிருந்த கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு ஒரு வகுப்பெடுக்க என்னை அழைத்திருந்தார்கள். தலைப்பு ‘திட்டமிடலும் தகவல் தொடர்புத் திறனும்’. மாணவர்கள் தங்கள் திட்டத்தைச் சுவரில் ஒட்டிக் காட்டினார்கள். ஆடுகளுக்குக் குடற்புழு நீக்க முகாம். நேரம் காலை 9 முதல் 1 வரை. இடம் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடி. அறிவிப்பு பால் சங்கம் வழியாக. இலக்கு 200 ஆடுகள். யாருக்கு என்ன வேலை, எவ்வளவு மருந்து, எவ்வளவு செலவு என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். கிராம வரைபடமும் இருந்தது. பள்ளிக்கூடம், ஏரி, தண்ணீர்த் தொட்டி, பால் சங்கம், கோயில் எல்லாம் அதில் இருந்தன. காலனி இல்லை.

யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்த ஒரு மாணவி ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “மேடம், எங்க ஊர்ல இப்படி வெச்சா எங்கம்மா ஆட்டை ஓட்டிக்கிட்டு கோயில்கிட்ட வரமாட்டாங்க.”

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் திட்டத்தில் மட்டும் வரவில்லை. இதைத்தான் தோழர்களே இன்று பேச வேண்டும்.

அந்த வகுப்பை நான் எதிர்க்கவில்லை. ஐந்தரை ஆண்டு படித்து, அதில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் முடித்து வருகிற கால்நடை மருத்துவருக்கு ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது. மக்களிடம் பேசத் தெரிய வேண்டும், ஒரு வேலையைத் திட்டமிட்டு முடிக்கத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் விரிவாக்கக் கல்வி என்று ஒரு துறையே இருக்கிறது. கிராமச் சமூகவியலும் அங்கே பாடம்தான். ஆனால் சாதி தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்துவிட்டுப் போய்விடுகிறது. முகாமுக்கு இடம் பார்க்கும்போது அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

“நாங்க ஆடு மாட்டைத்தான் பார்க்கிறோம், சாதி பார்க்கிறதில்லை” என்று ஒரு மாணவர் சொன்னார். நல்ல பையன், மனதாரத்தான் சொன்னார். ஆட்டுக்குச் சாதி இல்லைதான். ஆடு கட்டியிருக்கிற தெருவுக்கு இருக்கிறதே! 1978 ஜூலையில் இதே விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். ‘பொது இடம்’ என்ற சொல் இந்த மண்ணில் எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. கோயில் மரத்தடியைத் தேர்ந்தெடுத்த அந்த நிமிடமே யார் வர வேண்டும், யார் வர வேண்டாம் என்பது முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவர்களுக்கே அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பால் சங்கத்தில் சொல்லிவிட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று நினைக்கிறார்கள். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2006இல் ‘கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை’ என்று நூலாக வந்தது. ஆய்வு செய்த கிராமங்களில் ஏறத்தாழ பாதியில் தலித்துகள் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்ற முடியவில்லை என்று அது பதிவு செய்தது. பால் ஊற்ற முடியாதவர் காதுக்குச் சங்கத்து அறிவிப்பு எப்படிப் போகும்? நேரத்தையும் பாருங்கள். காலை 9 மணிக்குக் காலனியில் யார் இருப்பார்கள்? நூறு நாள் வேலை, கரும்பு வெட்டு, செங்கல் சூளை என்று கிளம்பியிருப்பார்கள். கடைசியில் “அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லை” என்று அறிக்கை எழுதப்படும்.

இது மாணவர்களின் தவறு மட்டுமா? அரசே இப்படித்தான் திட்டம் போடுகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா ஆடு, கறவை மாடு வழங்கும் திட்டம் தொடங்கியது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகள். ஆடு பெறத் தகுதி, சொந்த நிலம் இல்லாமல் இருப்பது. நம் பெண்கள் பலருக்கு ஆடு கிடைத்தது, நல்லது. ஆனால் ஆடு நிலத்தில்தானே மேயும்? மேய்க்கால் புறம்போக்கை ஆக்கிரமித்தவர் யார், வரப்பில் ஆடு வாய் வைத்தால் யார் வந்து சண்டை போடுவார், அபராதம் கேட்பார் என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. திண்டிவனத்தைத் தாண்டினால் செங்கல்பட்டு. அங்கே ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையிலிருந்து வந்ததுதான் பஞ்சமி நிலம். அந்த நிலம் நம் கையில் இருந்திருந்தால் ஆட்டுக்குத் தழை தேடி அலைய வேண்டியிருக்காது.

உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அடைப்பான் நோயில் மாடு திடீரென்று சாகும். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் வடியும். அந்த மாட்டை அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது. திறந்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாக மாறிப் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடக்கும். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். இதை மாணவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். “யாரிடம் சொல்வீர்கள்?” என்று கேட்டேன். “மாட்டுக்காரரிடம்” என்றார்கள்.

செத்த மாட்டை மாட்டுக்காரரா தூக்குகிறார்? இன்றும் பல ஊர்களில் ஆள் அனுப்புவது சேரிக்குத்தான். நோய் முதலில் தொற்றுவது அவர் கையில். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல யாரும் திட்டமிடவில்லை. கல்லூரியில் பிரேதப் பரிசோதனை செய்தால் அது அறிவியல், கையுறை உண்டு, பட்டம் உண்டு. நம் ஆள் அதே உடலைத் தூக்கினால் தீட்டு. அவரைக் கட்டாயப்படுத்தி அதைச் செய்ய வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்படி குற்றம். அந்தச் சட்டம் வந்தது 1989இல். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கியதும் அதே 1989இல்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நான் பார்த்த வகுப்பில் ஒரு மாணவருக்கும் அந்தப் பிரிவு தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்று, ‘தகவல் தொடர்புத் திறன்’ என்று எதை அளக்கிறார்கள்? ஆங்கிலத்தில் தடங்காமல் பேசினால் மதிப்பெண். 18 சதவீத இடஒதுக்கீட்டில் போராடி உள்ளே வந்த, ஆட்டோடு வளர்ந்த பிள்ளை கடைசி பெஞ்சில் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. அன்று அந்த வகுப்பில் கிராமத்தைப் பற்றிச் சரியான தகவலைத் தந்தது அந்த ஒரு பிள்ளைதான். அறுபது வயது பெரியவரை “என்னப்பா, ஆட்டைப் புடி” என்று அதட்டும் மருத்துவருக்கு எத்தனை ஸ்லைடு போடத் தெரிந்து என்ன பயன்? “வாங்கம்மா, ஆடு எத்தனை நாளா தீனி எடுக்கல?” என்று கேட்கிறவர்தான் பேசத் தெரிந்தவர்.

கால்நடை மருத்துவம் படிக்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன். வரைபடத்தைக் காலனியிலிருந்து வரையத் தொடங்குங்கள். முகாமைக் காலனியிலும் நடத்துங்கள், ஆட்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில் நடத்துங்கள். எத்தனை ஆடு என்று மொத்தமாக எழுதாமல் எந்தத் தெருவில் எத்தனை என்று எழுதுங்கள். அடைப்பான் பற்றி முதலில் சொல்ல வேண்டியவர் மாட்டைத் தூக்க அழைக்கப்படுகிறவர். அவருக்கு அந்த வேலையை மறுக்கும் உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மற்ற தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஒன்றியத்தில் போன ஆண்டு நடந்த கால்நடை முகாம்கள் எந்தெந்த இடத்தில் நடந்தன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பட்டியல் வந்ததும் எத்தனை முகாம் காலனியில் நடந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு கிராம சபையில் போய் நில்லுங்கள்.

அன்று வகுப்பு முடிவதற்குள் மாணவர்கள் சுவரிலிருந்த தாளை எடுத்துக் கீழே விரித்தார்கள். வேப்பமரத்தடியை அடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு இடம் எழுதினார்கள்: காலனி சமுதாயக்கூடம், மாலை 4 மணி. எழுதியது அந்தக் கடைசி பெஞ்சு மாணவி.

ஜெய்பீம்.