இருபத்தைந்தில் ஓய்வு

இருங்காட்டுக்கோட்டை என்னும் பெயரில் காடும் உண்டு, கோட்டையும் உண்டு. ‘இரும்’ என்னும் அடைக்குப் பெரிய, கரிய என இரு பொருள்கள் வழங்குகின்றன. இன்று அவ்வூரில் அடர்ந்திருப்பவை மரங்கள் அல்ல, தொழிற்சாலைகள். 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் அங்கு மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர்த் திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனத் தொழிற்சாலைகள் பரவின. விடியுமுன்னரே நிறுவனப் பேருந்துகள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து இளைஞர்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அப்பேருந்தில் ஏறும் ஒருவர், எந்த வயதுவரை அதில் பயணம் செய்ய இயலும் என்பதே இங்கு எண்ணிப்பார்க்க வேண்டிய வினா.

அதற்கான விடையின் ஒரு பகுதியைத் திருப்பெரும்புதூரின் அண்மைக்கால வரலாறே தருகிறது. நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை அங்கு 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. உச்சநிலையில் ஏறத்தாழ 8,000 பேர் அதில் நேரடியாகப் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள். பள்ளிப்படிப்பை முடித்தவுடன் வந்து சேர்ந்த பெண்கள் மிகப்பலர். பலருடைய ஊதியம் பெற்றோரின் கடனாகவும் தம்பி தங்கையரின் கல்விக் கட்டணமாகவும் மாறியது. பின்னர் வரித்துறையோடு எழுந்த பிணக்கில் தொழிற்சாலைச் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குக் கைமாறியபோது, இத்தொழிற்சாலை மட்டும் அவ்விற்பனையில் சேராமல் நின்றுவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது.

அதற்கு முன்பே ஏறத்தாழ 5,000 பேர் ‘விருப்ப ஓய்வு’ பெற்றுச் சென்றிருந்தனர். இருபத்தைந்து வயதினருக்கு ஓய்வு! அதில் விருப்பம் எவ்வளவு இருந்தது என்பதை அவர்களே அறிவர். முதியவர்களுக்கென அமைந்த ஒரு சொல்லை இளைஞர்கள்மேல் ஏற்றிவிட்டால், அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் கண்ணுக்குப் புலப்படாமல் போய்விடுகிறது. அவர்கள் ஓய்வுபெறவில்லை, வேலை அரிதாக இருந்த காலத்தில் வேறு தொழில் தேடப் புறப்பட்டனர்.

பணிமாற்றம் வேறு, தொழில்மாற்றம் வேறு. ஒரு தொழிற்சாலையிலிருந்து மற்றொரு தொழிற்சாலைக்குச் செல்வது பணிமாற்றம். உற்பத்தி வரிசையை விட்டு மின்பணியாளராகவோ செவிலியராகவோ கணக்கராகவோ ஆவது தொழில்மாற்றம். ஒரு வட்டாரத்தில் ஒரே வகைத் தொழிற்சாலைகள் ஒருங்கே தளரும்போது முன்னதற்கு வழியில்லை. பின்னதற்குத் திறன் வேண்டும். எட்டு மணி நேரமும் ஒரே திருகாணியை முடுக்கியவர், ஒரே பலகையைச் சோதித்தவர் ஐந்தாண்டுகளுக்குப் பின் என்ன பட்டறிவோடு வெளியே வருகிறார்? கண்ணின் கூர்மையும் கையின் விரைவும் நேரம் தவறாமையும் அவரிடம் உள்ளன. அவற்றைக் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. அவருடைய பணிச்சான்றில் பதவியின் பெயரும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் மட்டுமே இருக்கும்.

இத்தகையோருக்கு இருவகை அறிவுரைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ‘இளமைதானே, துணிந்து மாறு’ என்பது ஒன்று. ‘கிடைத்ததை விடாதே’ என்பது மற்றொன்று. வீட்டுக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டிய ஒருவருக்கு முதல் அறிவுரை பசியைக் கணக்கில் கொள்ளாதது. இரண்டாவது, தொழிற்சாலையின் வாயில் என்றும் திறந்தே இருக்கும் என்று நம்புவது. வேலையில் இருக்கும்போதே அடுத்த தொழிலைக் கற்பதுதான் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. ஆயின், ஒரு வாரம் பகலும் மறுவாரம் இரவுமாக ஷிப்டு மாறும் தொழிலாளி எந்த மாலை வகுப்பில் சேர்வார்? இத்தடையைத் தனிமனித ஊக்கம் மட்டும் நீக்கிவிடாது. படிக்க விரும்பும் தொழிலாளிக்கு நிலையான ஷிப்டு ஒன்றை நிறுவனம் ஒதுக்கித் தருவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலும் அன்று.

சட்டமும் இளையோருக்கு முழுத்துணையாக இல்லை. ஆட்குறைப்பின்போது கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்த பொதுநெறி. நெடுநாள் உழைத்த மூத்தோரைக் காக்கும் அந்நெறி நியாயமானதே. அதன் சுமையை ஏற்பவர்கள் இளையோர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, மறுதிறன் பயிற்சிக்கென ஒரு நிதியை ஏற்படுத்தியது. ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு அதிலிருந்து 15 நாள் ஊதியத்துக்கு இணையான தொகை கிடைக்கும். கருத்து வரவேற்கத்தக்கது, அளவு போதாது. தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்பாளர் பயிற்சிக்கு ஓராண்டும் மின்பணியாளர் பயிற்சிக்கு ஈராண்டும் தேவை. பதினைந்து நாள் ஊதியத்தைக் கொண்டு ஈராண்டுப் படிப்பை எவ்வாறு கடப்பது?

சிங்கப்பூர் அரசு இதனை வேறு கோணத்தில் அணுகியது. 25 வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், தொழில்சார்ந்த புதிய படிப்புகளைக் கற்பதற்கென 2016ஆம் ஆண்டில் 500 வெள்ளி வரவு வைத்தது. வேலையை இழந்தவருக்கு மட்டும் என்றில்லாமல், வேலையில் இருப்பவருக்கும் அது உரியது. தொகை சிறிதே. எனினும், வாயில் மூடிய பிறகு அன்று, திறந்திருக்கும்போதே கற்க வேண்டும் என்னும் தெளிவு அதில் உண்டு.

தமிழ்நாட்டிலும் படிகள் இல்லாமல் இல்லை. தொழிற்பயிற்சி முடித்தவர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியிலும் அவ்வாறே சேரலாம். உற்பத்தி வரிசையில் கழிந்த ஆண்டுகளை இப்படிகளோடு இணைக்கும் பாலம்தான் மெலிந்திருக்கிறது. ஒருவர் இயக்கிய பொறிகள், செய்த சோதனைகள், பெற்ற உட்பயிற்சி ஆகியவற்றை ஆண்டுதோறும் பதிந்து, தேர்வு நடத்திச் சான்றளித்தால் அப்பாலம் வலுப்பெறும். அத்தகைய சான்று தொழிலாளி விலகிச்செல்வதை எளிதாக்கிவிடும் என்று நிறுவனங்கள் தயங்கக்கூடும். தம் தேவை முடிந்தபோது அவரை அனுப்புவதற்குத் தயங்காதவர்கள் இதற்கு மட்டும் தயங்குவது முறையன்று.

மாற்றம் மீண்டும் வரத்தான் போகிறது. மின்கலத்தால் மட்டும் ஓடும் மகிழுந்தில் எரிபொருள் எஞ்சின் இல்லை. எரிபொருள் தொட்டியும் புகைபோக்கியும் இல்லை. அவற்றை வார்த்தும் கடைந்தும் பொருத்தியும் வாழும் கைகள் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஏராளம். நோக்கியாவின் பழைய வளாகத்தை மின்னூட்டி தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் வாங்கவிருப்பதாக 2019ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிப்பு வந்தது. உற்பத்தி வரிசைக்கு ஆள் எடுக்கும்போது பள்ளியை விட்டுவரும் இளவயதினரையே நாடுவது இவ்வட்டார வழக்கம். 2014இல் இருபத்தைந்து வயதில் வெளியேறியவர்கள் அப்போது முப்பதை எட்டியிருந்தனர்.