பட்டியலில் வராத ஆள்

எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். மணிமருந்து காயப் போட்டிருக்கு என்றால் யாரும் ஆஸ்பத்திரியை நினைக்கமாட்டார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் என்று வெடித்துச் சிதறும்போதுதான் இன்னொரு மருந்தின் ஞாபகம் வருகிறது. முதலிப்பட்டியில் செத்தவர்கள் முப்பதுக்கும் மேல். அச்சன்குளத்தில் இருபது பேருக்குக் குறையாது. வெந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு சாத்தூர், சிவகாசி, அங்கிருந்து மதுரை என்று ஓடுகிறோம். ஓடுகிற வழியில் எத்தனை டாக்டர், எத்தனை நர்சம்மா, கட்டுப் பிரிக்க எத்தனை கை இருக்கவேண்டும் என்று யார் தீர்மானிப்பது? எதை வைத்து?

கணக்கு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மலையிலும் ஆதிவாசிப் பகுதியிலும் 3,000, 20,000. தலையை எண்ணுகிற கணக்கு. அந்தத் தலை காலையில் எந்த வேனில் ஏறி எந்தக் கொட்டகைக்குள் நுழைகிறது என்பது அதற்குத் தேவையில்லை. கம்பு விதைக்கிற ஊரும் கந்தகம் சலிக்கிற ஊரும் அதற்கு ஒன்றுதான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தலையை விட்டுவிட்டு வேலையை எண்ணுகிற முறை ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 1998லேயே வெளியிட்டு, 2010ல் திருத்தியும் தந்தது. ஒரு புண்ணுக்குக் கட்டுப்போட எத்தனை நிமிடம், வருசத்துக்கு எத்தனை புண் வருகிறது, விடுப்பெல்லாம் போக ஒரு நர்சுக்கு வருசத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது. பெருக்கி வகுத்தால் எத்தனை ஆள் வேண்டும் என்று வந்துவிடும். பாங்கு குமாஸ்தாவுக்கு இது பெரிய வித்தை அல்ல. ஆனால் வகுப்பதற்கு முன்னால் யார் எங்கே வேலை செய்கிறார், எந்த இடம் காலி என்ற பட்டியல் கையில் இருக்கவேண்டும். ஓப்பன் சோர்ஸ் என்கிற திறந்த மூல மென்பொருளின் சங்கதி இங்கேதான் வருகிறது. பேரேட்டைக் கொடுப்பதோடு, பேரேடு அடிக்கிற அச்சையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் போதவில்லையா, நீங்களே கோடு போட்டுக்கொள்ளலாம். எவனிடமும் உத்தரவு கேட்கவேண்டியதில்லை.

இதன் பிறப்பு நம்மவர்களுக்குத் தெரியவேண்டும். 1994ல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி விழுந்தபோது அங்கே இருந்தது ஒரு சுகாதாரத் துறை அல்ல, 14. கறுப்பர்களுக்கென்று வேலி போட்டு ஒதுக்கிய பத்துத் 'தாயகங்களுக்கு'ப் பத்து. வெள்ளையர், கலப்பினத்தார், இந்தியர் என்று மூன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொதுத்துறை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. ஊர்க் கணக்கையும் சேரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதபடி செய்துவிட்டால் அநியாயம் கண்ணுக்கே தெரியாதல்லவா! அதை உடைக்கத்தான் அங்குள்ள நிறவெறி எதிர்ப்பாளர்களும் நார்வேயின் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவர்களும் கேப் டவுன் பக்கம் ஒரே கணக்கு முறையை உருவாக்கினார்கள். டிஎச்ஐஎஸ் என்பது அதன் பெயர். 2000ல் நமக்குப் பக்கத்துக் குப்பத்துக்கும் அந்த முயற்சி வந்தது. 2006ல் அதன் புதிய வடிவம் முதலில் ஓடியது கேரளத்தில்.

அது முக்கியமாகப் பிரசவம், தடுப்பூசி, நோய்க் கணக்கு. ஆள் கணக்குக்கென்றே வந்தது ஐஹ்ரிஸ். அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் பணத்தில் உருவாகி உகாண்டா, ருவாண்டா, தான்சானியா என்று ஆப்பிரிக்காவில் பரவி, ஜார்க்கண்ட் வரைக்கும் வந்தது. அந்த யுஎஸ்எய்டையே 2025ல் இழுத்து மூடிவிட்டார்கள். கணக்கை ஓட்டுகிற ஆளுக்குச் சம்பளம் நின்றால் கஷ்டம்தான், அதை மறைக்கவேண்டாம். ஆனாலும் எழுதிய மூலம் எல்லோர் கையிலும் இருக்கிறது. கொடுத்தவன் போய்விட்டான் என்பதற்காகப் பேரேடு பூட்டிக்கொள்ளாது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே அரசு ஊழியரின் சம்பளமும் பணிப்பதிவேடும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. 2019ல் தொடங்கிய திட்டம், விப்ரோ கட்டிக்கொடுத்தது, 'களஞ்சியம்' என்று பெயர். நல்ல காரியம்தான். ஆனால் சம்பளப் பட்டியல் வழியாக ஆளைப் பார்க்கிற எந்த முறைக்கும், அரசு யாருக்குச் சம்பளம் போடுகிறதோ அவர் மட்டும்தான் ஊழியர்.

என் கவுண்டருக்கு ஓர் அக்கா வருவார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. வெந்து வருகிற ஆளை ஸ்ட்ரெச்சரிலிருந்து இறக்குவது, சீழ்த்துணி அள்ளுவது, கட்டுப் பிரிக்கும்போது அலறுகிறவனைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவர்தான். பாஸ்புக்கை நீட்டி, "சார், சம்பளம் யார் போட்டதுன்னு இருக்கு?" என்று கேட்டார். எங்கோ இருக்கிற ஒரு காண்டிராக்ட் கம்பெனியின் பெயரை வாசித்தேன். "ஆஸ்பத்திரின்னு இல்லையா? பதினோரு வருசமா அங்கதானே கெடக்கேன்" என்றார். இல்லக்கா என்றேன். வேறென்ன சொல்ல?

அரசுப் பணி என்றால் இனச்சுழற்சி உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கு 18 சதவீதம், அதற்குள் 2009லிருந்து அருந்ததியருக்கு 3 சதவீதம். காண்டிராக்டுக்கு அதெல்லாம் கிடையாது. இடஒதுக்கீடே இல்லாத இந்த ஒரு வேலைக்கு மட்டும் எப்படிச் சொல்லிவைத்த மாதிரி நம்ம சனமே வந்து நிற்கிறது? தகுதி திறமை பேசுகிற மகான்கள் யாரும் இங்கே போட்டிக்கு வரக்காணோம்.

எண்ணாமல் விடுவது மறதி அல்ல. 1932ல் லோத்தியன் குழு வந்தபோது ஐக்கிய மாகாணத்திலும் வங்காளத்திலும் தீண்டப்படாதோர் அவ்வளவு பேரெல்லாம் இல்லை என்று குறைத்துச் சொன்னார்கள். அந்தக் குழுவிலேயே உறுப்பினராக இருந்த அம்பேத்கர் இதைப் பிற்பாடு விரிவாக எழுதினார். எண்ணிக்கை கூடினால் சீட்டுக் கூடும், அதுதான் விசயம். இன்றைக்கு அக்கா எண்ணிக்கையில் வந்தால் அவருக்கு நிரந்தரப் பணியிடம் கேட்கவேண்டி வரும். தீக்காய வார்டுக்கு எத்தனை பேர் தேவை என்கிற கணக்கில் அவருடைய நிமிடங்களையும் சேர்க்கவேண்டி வரும்.

கம்ப்யூட்டர் பட்டியல் போட்டால் சாதி ஒழிந்துவிடுமா என்று தோழர் ஒருவர் கேட்டார். ஒழியாது. ஆனால், "சாஃப்ட்வேரில் அதற்கு இடமில்லை" என்கிற சாக்கு ஒழியும். ஆள் கணக்குத் திறந்த மூலத்தில் ஓடினால் 'சம்பளம் தருபவர்' என்று ஒரு கட்டம், 'உண்மையில் வேலை செய்யும் இடம்' என்று இன்னொரு கட்டம் போட, படித்த நம்ம பிள்ளைகளே போதும். இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். திறந்திருக்கவேண்டியது மென்பொருளும் மொத்த எண்ணிக்கையும்தான். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே சாதியை எழுதி ஊருக்குக் காட்டுவது அல்ல. அந்த வேலையை ஊர் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது.

அது வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம்தான். நம் பகுதி அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, காண்டிராக்டில் எத்தனை பேர், எந்த வேலைக்கு, எத்தனை வருசமாக என்று கேட்போம். பதில்களை ஒரே தாளில், ஒரே கட்டத்தில், பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். எழுதிய தாளைக் கிராம சபையில் வாசிக்க அந்த அக்காவையே கூப்பிடலாம். வருவாரா என்று கேட்டேன். "லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் போயிரும் சார், ஞாயித்துக்கிழமை வைங்க" என்றார்.