சத்தம் போட்டால் வழி கிடைக்காது

நம் புதுவையில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இப்போது ஒரே புலம்பல்: "சாயந்திரமானா வைஃபை சுத்திக்கிட்டே நிக்குது சார்." அதற்குக் கடைக்காரரும் பேரப்பிள்ளைகளும் சொல்லும் ஒரே மருந்து: "பவர் அதிகமுள்ள பெட்டியா வாங்குங்க." இந்த மருந்துதான் பாதி நோய் என்கிறேன் நான்.

வைஃபை போகும் வழி காற்று. காற்று யார் வீட்டுச் சொத்தும் அல்ல. ஒரே சானலில் இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் அனுப்பிய தகவல் பொட்டலங்களும் மோதிச் சிதையும். இது பழைய வழக்கு. 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை ரேடியோ மூலம் கணினியோடு இணைத்தார்கள். அதற்கு 'அலோஹா' என்று பெயர். விதி எளிது: பேச வேண்டியதைப் பேசு, கிடைத்தது என்று பதில் வராவிட்டால், சற்றுப் பொறுத்து மறுபடி பேசு. ஆனால் அவரவர் நினைத்த நேரத்தில் பேசினால் சானலில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். நேரத்தைச் சம துண்டுகளாக வெட்டி, துண்டின் தொடக்கத்தில் மட்டுமே பேசலாம் என்று வைத்தால் அது 37 ஆகும்.

'சற்றுப் பொறுத்து' என்றால் எவ்வளவு? இருவரும் சம அளவு பொறுத்தால் மறுபடியும் மோதல்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மவர்களுக்கு இது புரியும். வாசலில் இரண்டு கனவான்கள் எதிர்ப்படுகிறார்கள். இருவரும் "அப்ரே வூ, முசியே" என்று ஒதுங்குகிறார்கள். இருவரும் ஒன்றாகவே காலெடுத்து வைத்து முட்டிக்கொள்கிறார்கள். மரியாதை மட்டும் போதாது, சீட்டுக் குலுக்க வேண்டும்.

இன்றைய வைஃபை அதைத்தான் செய்கிறது. முதலில் காது கொடுத்துக் கேட்கும். அமைதியாக இருந்தால் 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அத்தனை எண்ணிக்கை பொறுக்கும். மோதினால் 31 வரை, பிறகு 63 வரை என்று நீண்டு 1023 வரை போகும். நெரிசல் கூடக் கூட அது அதிகம் ஒதுங்குகிறது. நாமோ நெரிசல் கூடினால் குரலை உயர்த்துகிறோம்!

குரலை உயர்த்தினால் என்ன ஆகும்? இதுவரை உங்கள் பெட்டியின் குரல் எட்டாத நான்காம் வீட்டுப் பெட்டியும் அதைக் கேட்டுப் பேச்சை நிறுத்திக் காத்திருக்கும். அவரும் எரிச்சலில் பெரிய பெட்டி வாங்குவார். இனி உங்கள் பெட்டி அவருக்காகக் காத்திருக்கும். கடைக்காரருக்கு இரட்டை வியாபாரம்.

"எனக்கு நாலு கோடும் முழுசாத் தெரியுதே" என்பீர்கள். கோடு காட்டுவது குரலின் பலத்தை; வழி காலியா என்பதை அல்ல. மேலும் பெட்டிக்குத்தான் பவர் கூடியது. உங்கள் கைபேசி பதில் சொல்வது அதே சன்னக் குரலில்தான்.

பழைய வீட்டுக் கனத்த சுவர் மறைக்கிறது என்றால் உள் அறையில் இன்னொரு பெட்டி வைப்பது நியாயம். மற்றவர்கள் 1, 6, 11 ஆகிய சானல்களில் கூட்டம் குறைந்ததற்கு மாறுங்கள். பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் போதும். இடத்தை விட்டு நகராத டிவிக்குக் கம்பி இழுங்கள். கம்பியில் போவது காற்றில் யாரோடும் மோதாது.

பொது வழியில் நெரிசல் தீர ஒதுங்கத் தெரிய வேண்டும். பெட்டிக்கு அது தெரிகிறது. வாங்குகிற நமக்கும் தெரியட்டும்.