கிரேனை எண்ணுகிறவர்களுக்கு

எங்கடை ஆக்கள் இரண்டு பேர் சந்தித்தால் வீட்டு விலையைப் பற்றிக் கதைப்பது வழமை. சிட்னியில் அந்தக் கதைக்குள் கிரேனும் வந்து கனகாலம். "பரமட்டாவிலை எத்தனை கிரேன் நிக்குது பாத்தனீரோ? இப்ப ஒண்டு வாங்கிப்போட்டால் பிழைக்காது" என்பார்கள். இதை எண்ணுவதையே ஒரு வேலையாகச் செய்யும் நிறுவனமும் உண்டு. ரைடர் லெவெட் பக்னல் என்ற கட்டுமானச் செலவு ஆலோசனை நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தரம் அவுஸ்திரேலிய நகரங்களில் நிற்கும் கிரேன்களை எண்ணி வெளியிடுகிறது. சிட்னிக்குத்தான் முதலிடம்.

எண்ணுவது நல்லது. ஆனால் எண்ணுகிற எங்களில் எத்தனை பேருக்கு அது என்ன சாமான், எப்படி வேலை செய்கிறது, அதன் கீழே நிற்பது ஆர் என்று தெரியும்?

நான் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்கிறவன். யாழ். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தது 2006 இல் பாதை பூட்டியதோடு நின்று போனது. மிச்சப் பௌதிகத்தை மத்தியானச் சோறு சாப்பிட வருகிற கட்டிட வேலைப் பொடியன்களிடம் படிக்கிறேன் என்று வையுங்கோ.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றுத் துலாவைக் கண்டவர்களுக்குக் கிரேன் புதுச் சாமான் இல்லை. ஆடுகாலின் மேலே துலா. ஒரு பக்கம் வாளி, மற்றப் பக்கம் பாரக்கல். டவர் கிரேனும் அதுதான். நீண்ட கைப்பக்கம் கொளுக்கி, கட்டைக் கைப்பக்கம் கொங்கிரீட் எதிர்நிறை. முழுக்கணக்கும் திருப்பம்தான்: பாரத்தைத் தூரத்தால் பெருக்க வேண்டும். முப்பது கிலோ சோற்றுக் கிடாரத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறவன் கையை நீட்டிப் பிடித்தால் கவிழ்த்துவிடுவான். கோபுரத்துக்குக் கிட்ட பன்னிரண்டு தொன் தூக்கும் கிரேன் கையின் நுனியில் இரண்டு மூன்று தொன்தான் தூக்கும். எந்தத் தூரத்தில் எவ்வளவு என்ற அட்டவணைக்கு லோட் சார்ட் என்று பெயர். அது பிழைத்தால் எல்லாம் பிழைத்தது.

டவர் கிரேனில் இரண்டு சாதி. ஒன்று கையைக் கிடையாக நீட்டி, தூரத்துக்குப் பார்த்தால் சிலுவை மாதிரி நிற்பது. மற்றது லஃபிங் கிரேன், கையை மேலே மடக்கி இறக்கக்கூடியது. சிட்னி, மெல்பேர்ண் நகர மத்தியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். பக்கத்துக் கட்டிடத்தில் இடிபடாமல் இருக்கத்தான் என்று நான் நினைத்திருந்தேன். அது பாதிக் காரணம். மற்றப் பாதி, நம்புவீர்களோ தெரியாது, வேலிச்சண்டை! 1970களில் குயின்ஸ்லாந்தில் ஒரு வழக்கு. காற்று ஒரு பக்கமிருந்து அடிக்கிற நேரம் கிரேனின் கை அயலவரின் காணிக்கு மேலே 62 அடி போய் நின்றது. அதுவும் அத்துமீறல்தான் என்று நீதிமன்றம் தீர்த்தது. கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டதற்குக் கோடேறிய பரம்பரைக்கு இது விளங்காமல் போகாது. அந்தரத்திலும் எல்லை உண்டு. அதனால்தான் கம்பனிகள் அயலவரிடம் காசு கொடுத்து அனுமதி எழுதி எடுக்கின்றன, அல்லது கையை மடக்கக்கூடிய கிரேனை நிறுத்துகின்றன.

இந்தச் சாமானில் அவுஸ்திரேலியர்கள் கெட்டிக்காரர்கள். கட்டிடம் உயர உயரத் தானும் பாய்ந்து ஏறுகிற கிரேனுக்குக் கங்காரு என்று பெயர் வைத்தது இங்கேதான். நியூயோர்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களைக் கட்டத் தூக்கியவை சிட்னியின் ஃபவெல் நிறுவனத்து எட்டுக் கிரேன்கள். ஹார்பர் பிரிட்ஜைக் கட்டியவை கிறீப்பர் கிரேன்கள். தாங்கள் பூட்டிய இரும்பு வளைவின் மேலேயே இரு கரையிலிருந்தும் ஊர்ந்து ஊர்ந்து வந்தன. 1930 ஓகஸ்ட் 19 இல் இரண்டு பாதியும் நடுவில் சேர்ந்தன. பிறகு திரும்பி ஊர்ந்தபடி பாதைத் தளத்தைத் தொங்கவிட்டன. அந்தப் பாலத்தில் 16 தொழிலாளர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

தெருவில் நாங்கள் காண்பவை வேறு. நாலு காலையும் அகட்டி ஊன்றித் தூக்குவது மொபைல் கிரேன். டவர் கிரேனைப் பூட்டவும் கழற்றவும் இது வேண்டும். சங்கிலிப் பட்டியில் டாங்கி மாதிரி ஊர்வது கிரோலர் கிரேன், பாலம், சுரங்க வேலைகளுக்கு. கால் ஊன்றாமல் சாமானைத் தொங்கவிட்டபடியே ஓடித்திரிவது ஃபிரானா. அதுவும் அவுஸ்திரேலியத் தயாரிப்புத்தான்.

இனி நான் சொல்லவந்த விசயம்.

மேலே கூட்டுக்குள் இருக்கிற ஓட்டுநருக்குக் கீழே நடப்பது பலநேரம் தெரியாது. அவருக்குக் கண்ணாக இருப்பவர் டொக்மன். சாமானின் நிறையைக் கணித்து, எந்தக் கயிறு, எந்தச் சங்கிலி என்று தெரிந்து, கட்டி, வானொலியில் சொல்லித் தூக்குவிப்பவர். 1950, 60களில் சிட்னி டொக்மன்கள் பாரத்தின் மேலேயே ஏறி நின்று தெருவுக்கு மேலால் போனார்கள். சனம் அண்ணாந்து பார்த்து ரசித்தது. விழுந்து செத்தவர்களும் உண்டு. பிறகு அது தடைசெய்யப்பட்டது. இப்போது டொக்கிங் செய்ய அதிஆபத்து வேலை உரிமம் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சோதனை ஆங்கிலத்தில்.

எங்கடை பொடியன்கள் பெரும்பாலும் அந்த உரிமம் இல்லாமல் வெறும் தொழிலாளராக நிற்கிறார்கள். பலகை அடிக்கிறது, கம்பி கட்டுகிறது, கொங்கிரீட் ஊத்துகிறது. 2018 செப்டெம்பர் 6 அன்று மெல்பேர்ண் பொக்ஸ் ஹில்லில் கிரேனில் தொங்கிய கொங்கிரீட் வாளி அறுந்து கீழே நின்றவர்கள் மேல் விழுந்தது. ஒருவர் இறந்தார், இன்னொருவர் படுகாயம். தொங்குகிற பாரத்தின் கீழே நிற்காதே என்பதுதான் முதல் பாடம். ஆனால் "தள்ளி நில்" என்று சொல்லவும், "நான் நிற்கமாட்டேன்" என்று மறுக்கவும் வாய் வேண்டும். பிரிட்ஜிங் விசாவில் நிற்கிறவனுக்கு அந்த வாய் லேசில் வராது. ஒரு பொடியன் என்னிடம் கேட்டான்: "அண்ணை, முறைப்பாடு குடுத்தால் விசாவிலை கை வைப்பாங்களோ?"

சட்டம் அவன் பக்கம் இருக்கிறது. நியூ சவுத் வேல்சின் 2011 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடனடியான கடும் ஆபத்து என்று நியாயமாக அஞ்சுகிற எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்தலாம். என்ன விசா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. இதை அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தது ஆர்?

நாங்கள் பிள்ளைகளுக்குச் செலக்டிவ் பள்ளிக்கூடச் சோதனைக்கு ரியூசன் வைக்கிறோம். அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுக்கிறோம். பிழை சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து பூட்டிக்கிடக்கிற வகுப்பறை ஒன்றில், இரண்டு மணித்தியாலம் இந்தப் பொடியன்களுக்கு டொக்கிங் சோதனைக்கான ஆங்கிலமும் நிறைக் கணக்கும் சொல்லிக்கொடுத்தால் என்ன? எங்களுக்குள் எத்தனை சிவில் எஞ்சினியர்மார்!

"அதுகளுக்குப் படிக்கவே அனுமதி இல்லையே" என்பீர்கள். சிலருக்கு இல்லை, உண்மை. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. விரைவு விசாரணையில் மறுக்கப்பட்டவர்கள் இன்னும் வெளியில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு உரிமப் படிப்பு முடியாவிட்டாலும், எங்கே நிற்கக்கூடாது என்றும் எப்போது மறுக்கலாம் என்றும் சொல்லித்தர ஒரு அனுமதியும் தேவையில்லை. அனுமதி உள்ளவர்களுக்கோ, உரிமத்தோடு சம்பளமும் கூடும், பேச்சுக்கு மதிப்பும் கூடும்.

பின்னேரம் வேலை முடிந்ததும் டவர் கிரேனின் திருப்பும் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் ஓட்டுநர் இறங்குவார். கையைக் காற்றின் போக்கில் திரும்ப விடுவார்கள். இறுக்கிப் பிடித்து வைத்தால் புயல் கிரேனையே சாய்த்துவிடும். அதற்குக்கூட நேரகாலத்தோடு யோசித்து ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நிற்கிற எங்கடை பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன ஒழுங்கு வைத்திருக்கிறோம்? அடுத்தமுறை கிரேனை எண்ணுகிறபோது அதையும் ஒருக்கா யோசியுங்கோ.