கற்காலத்து ஆளைத் திட்டாதீர்கள்

காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் தம் மகனைப் பற்றிப் பேசும்போது, "சுத்தக் கற்காலத்து ஆள் சார்! மூளையே கிடையாது" என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. அந்த நினைப்பை ஊரில் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

முப்பது வருடம் சரித்திர வாத்தியாராக இருந்தேன். ஆதிமனிதன் என்றால் கையில் தடி, வாயில் பச்சை மாமிசம் என்று கரும்பலகையில் படம் போட்டவன். கலை எங்கே பிறந்தது என்ற கேள்விக்கு, பிரான்ஸ் தேசத்து லாஸ்கோ குகையில் என்று எழுத வைத்தவன்.

லாஸ்கோ ஓவியங்களுக்கு வயது ஏறத்தாழ 17,000 ஆண்டுகள். தென்னாப்பிரிக்காவின் தென்கடற்கரையில் பிளாம்போஸ் என்று ஒரு குகை. கிறிஸ்டோபர் ஹென்ஷில்வுட் என்பவரின் குழு அங்கே தோண்டியதில், குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய காவிக்கற்கள் கிடைத்தன. அவை 70,000 ஆண்டுகளுக்கும் பழையவை. சுமார் 75,000 ஆண்டுப் பழமையான 41 நத்தை ஓட்டு மணிகளைப் பற்றி 2004-ல் அறிவித்தார்கள்.

"தின்றுவிட்டுப் போட்ட ஓடாக இருக்கும்" என்று சொல்வீர்கள். அந்த நத்தை சுண்டுவிரல் நகம் அளவுதான். அதில் என்ன கறி தேறும்? கழிமுகத்தில் வாழும் அதை, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். துளைகள் ஒரே மாதிரி இடத்தில் இருக்கின்றன. கயிறு உராய்ந்து தேய்ந்த தடமும் இருக்கிறது. யாரோ ஒருவர் கழுத்தில் பல நாள் கிடந்த மாலை அது.

அதே குகையில் இரண்டு பெரிய சிப்பி ஓடுகளும் கிடைத்தன. வயது சுமார் 1,00,000 ஆண்டுகள். காவிக்கல்லைப் பொடித்து, சூடாக்கிய எலும்பும் கரியும் சேர்த்து, அந்த ஓட்டில் குழைத்திருக்கிறார்கள். அரைத்த கற்களும் பக்கத்திலேயே இருந்தன. சாமான் சேர்த்து, பக்குவம் தெரிந்து கலந்தவனுக்கா மூளை கிடையாது?

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். அதே கடற்கரையில் பினக்கிள் பாயின்ட் குகையில், 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பே சிப்பி பொறுக்கித் தின்றிருக்கிறார்கள். கடல் நன்றாக உள்வாங்கும் நேரத்தில் போனால்தான் பாறையில் சிப்பி நிறையக் கிடைக்கும். அது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். ஆகவே நிலவைப் பார்த்து நாள் கணித்திருக்க வேண்டும் என்கிறார் அங்கே ஆய்வு செய்த கர்டிஸ் மரியன். இன்று அமாவாசை என்று காலண்டர் பார்க்காமல் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்ல வரும்?

ஆப்பிரிக்கா இருண்ட கண்டம், மனித அறிவு ஐரோப்பாவில்தான் விழித்தது என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். நாம் அதை ஒப்பித்தோம். நம் தோலின் நிறத்தையும் மறந்து ஒப்பித்தோம். அந்தக் குகைவாசிகள் வேறு பிராணிகள் அல்ல. ஆப்பிரிக்காவில் தோன்றிய அதே மனித இனம்தான் நாமும். அவர்களிடம் இல்லாதது புத்தி அல்ல, நாம் சேர்த்து வைத்திருக்கும் வசதிகள்தான்.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியானால் என் பையனை என்னவென்றுதான் திட்டுவது?" என்றார். சோம்பேறி என்று திட்டுங்கள், கற்காலத்து ஆள் என்று மட்டும் புகழாதீர்கள் என்றேன்.

என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த லாஸ்கோ பதிலை அடித்துவிடுங்கள். அதற்கு முழு மதிப்பெண் போட்டவன் நான். தவறும் என்னுடையதே.